சுவர் யாருடையது?
சிகாகோ தெற்குப் பகுதியின் கறுப்பினக் கலைஞர்கள்



சிகாகோ என்றதும் தமிழ்நாட்டில் நமக்கு இரண்டு நினைவு வரும். ஒன்று மே தினம். எட்டு மணி நேர வேலை கேட்டு 1886-இல் அந்நகரத் தொழிலாளர்கள் நடத்திய போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 1923-இல் சென்னையில் சிங்காரவேலர் மே தினக் கொடியை ஏற்றினார். இன்னொன்று விவேகானந்தர். 1893 செப்டம்பரில் சர்வசமயப் பேரவையில் அவர் பேசியதை நம் பள்ளிப் புத்தகங்கள் மறக்காமல் சொல்லும். அதே ஆண்டில், அதே ஊரில் நடந்த இன்னொன்றை எந்தப் பாடப்புத்தகமும் நமக்குச் சொல்லவில்லை. அதிலிருந்து இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன்.

சமயப் பேரவை தனியாக நடந்ததன்று. கொலம்பஸ் அமெரிக்காவுக்கு வந்த நானூறாம் ஆண்டையொட்டி சிகாகோவின் தெற்குப் பகுதியில், ஜாக்சன் பூங்காவில் ஓர் உலகக் கண்காட்சி நடந்தது. அதை ஒட்டி நடந்த பல மாநாடுகளில் ஒன்றுதான் அந்தப் பேரவை. கண்காட்சியில் உலகத்து நாடுகளுக்கெல்லாம் இடம் இருந்தது. அமெரிக்கக் கறுப்பர்கள் தங்கள் உழைப்பையும் கலையையும் தாங்களே காட்டிக்கொள்ள மட்டும் இடம் தரப்படவில்லை. இதை எதிர்த்து ஐடா பி. வெல்ஸ் என்ற இளம் பத்திரிகையாளர் ஒரு சிறு நூலைப் பதிப்பித்தார். அடிமையாகப் பிறந்து, தப்பி வந்து, அமெரிக்காவின் பெரும் பேச்சாளராக உயர்ந்த பிரெடரிக் டக்ளஸ் அதில் எழுதினார். டக்ளஸ் அப்போது ஹெயிட்டி நாட்டின் அரங்குக்குப் பொறுப்பாளராக இருந்தார். சொந்த நாட்டின் கண்காட்சியில் நிற்க இடமில்லாமல், இன்னொரு நாட்டின் அரங்கில் நின்றுகொண்டு அந்த நூலை வருவோர் போவோருக்குக் கொடுத்தார்கள்.

இந்த ஒரு காட்சி போதும், நான் சொல்ல வருவது விளங்க. இனம், அடையாளம், சமூக நீதி பற்றிக் கலைஞர்கள் பேசியதைச் சொல்லும்போது பெரும்பாலும் அவர்கள் என்ன வரைந்தார்கள், என்ன பாடினார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். எங்கே நின்று அதைச் செய்தார்கள், அந்த இடம் யாருக்குச் சொந்தம் என்று கேட்பதில்லை. சிகாகோவின் தெற்குப் பகுதி மக்கள் நூறாண்டுகளாக இந்தக் கேள்வியைத்தான் கேட்டு வருகிறார்கள். ஓவியர்களைவிட அதிகமாக அவர்களுக்குத் தேவைப்பட்டது சுவர்.

அந்தப் பகுதி எப்படி உருவானது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1910-இல் சிகாகோவில் இருந்த கறுப்பர்கள் ஏறத்தாழ 44,000 பேர். 1940-இல் 2,78,000. 1960-இல் எட்டு லட்சத்துக்கும் மேல். மிசிசிப்பி, அலபாமா, லூசியானா போன்ற தென் மாநிலங்களிலிருந்து ரயில் ஏறி வந்தவர்கள் இவர்கள். பருத்திக் காட்டுக் குத்தகையும், கூட்டம் கூடி மனிதரைத் தூக்கில் தொங்கவிடும் கொடுமையும் ஒருபுறம் துரத்தின. இறைச்சிக் கூடங்களிலும் எஃகு ஆலைகளிலும் கிடைத்த கூலி மறுபுறம் இழுத்தது. 1905-இல் ராபர்ட் அபட் தொடங்கிய சிகாகோ டிஃபெண்டர் பத்திரிகை, வடக்கே வாருங்கள் என்று எழுதிக்கொண்டே இருந்தது. ரயிலில் பணிபுரிந்த கறுப்பினப் பணியாளர்கள் அந்தப் பத்திரிகையைக் கட்டுக்கட்டாகத் தெற்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

வந்தவர்களுக்கு வேலை கிடைத்தது. வீடு கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. இந்த வீட்டைக் கறுப்பருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று வெள்ளைக்கார வீட்டுக்காரர்கள் ஒப்பந்தம் எழுதிப் பத்திரத்தோடு பதிந்து வைத்தார்கள். இது தெருச் சண்டியர்களின் வேலையில்லை. பதிவு அலுவலகத்து முத்திரையோடு நடந்த வேலை. நீதிமன்றம் இதற்குத் துணைபோகக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்ல 1948 ஆயிற்று. அதற்குள் ஒரு நீளமான குறுகிய பட்டைக்குள் லட்சக்கணக்கான மக்கள் அடைபட்டுவிட்டார்கள். ஒரு குடும்பத்துக்கான வீட்டை ஆறாகத் தடுத்து, ஒவ்வொரு தடுப்புக்கும் ஒரு அடுப்பு வைத்து, மாடிக்கு ஒரு கழிப்பறை என்று வாடகைக்கு விட்டார்கள். எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். 1919 ஜூலையில் ஏரிக்கரையில் குளித்துக்கொண்டிருந்த கறுப்பினச் சிறுவன் ஒருவன், தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத நிறக்கோட்டைத் தாண்டி மிதந்துபோனான். கல்லெறிந்தார்கள்; மூழ்கி இறந்தான். அதைத் தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் செத்தார்கள். அவர்களில் 23 பேர் கறுப்பர்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் 1930-களின் முடிவில் சில இளைஞர்கள் ஓவியக்கூடம் வேண்டும் என்று கேட்டார்கள். உண்ண உணவும் படுக்க இடமும் இல்லாதபோது ஓவியக்கூடம் எதற்கு என்று நம்மூரிலும் கேட்பார்கள், அங்கும் கேட்டிருப்பார்கள். கேட்டவர்களில் ஒருவர் சார்லஸ் ஒயிட். பள்ளிப் பருவத்திலேயே இரண்டு ஓவியப் பள்ளிகள் அவருக்கு உதவித்தொகை தந்தன. நேரில் போய் நின்றதும், பையன் கறுப்பன் என்று தெரிந்து திரும்பப் பெற்றுக்கொண்டன. மூன்றாவதாக, சிகாகோ கலைக் கழகத்தின் பள்ளி அவரைச் சேர்த்துக்கொண்டது. அந்தக் கழகத்தின் கட்டடம் நாம் அறிந்ததுதான். 1893-இல் விவேகானந்தர் பேசிய அதே கட்டடம்.

ஒயிட் 1939-இல் வரையத் தொடங்கிய ஒரு சுவரோவியம் எனக்கு மிகவும் பிடித்தது. நீளம் ஏறத்தாழ பதின்மூன்று அடி. ஐந்து கறுப்பினப் பெரியோர்கள் அதில் இருக்கிறார்கள்: சோஜர்னர் ட்ரூத், பிரெடரிக் டக்ளஸ், புக்கர் டி. வாஷிங்டன், வேளாண் விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், பாடகி மரியன் ஆண்டர்சன். இந்த ஐவரைத் தேர்ந்தெடுத்தது ஓவியர் இல்லை. டிஃபெண்டர் பத்திரிகையின் வாசகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். இருபத்தோரு வயதுக் கலைஞன் தன் தூரிகையை எடுக்குமுன் தெருவிடம் கேட்டான். கலைஞனுக்குச் சுதந்திரம் வேண்டாமா என்று நம் கவிஞர் நண்பர்கள் முகம் சுளிக்கலாம். வேண்டும்தான். ஆனால் கறுப்பர்களைக் கேட்காமலேயே கறுப்பர்களின் படத்தை வரைந்து தள்ளிய ஒரு நாட்டில், யாரை வரையட்டும் என்று கேட்பதே ஒரு கலகமாக இருந்தது.

அந்த ஓவியக்கூடத்துக்குப் பணம் சேர்ந்த விதம் சுவையானது. பொருளாதார மந்தத்தின்போது ரூஸ்வெல்ட் அரசு கலைஞர்களுக்கும் வேலை கொடுத்த திட்டம் ஒன்று இருந்தது. சம்பளமும் பழுதுபார்ப்புச் செலவும் அரசு தரும். கட்டடத்தை உள்ளூர் மக்களே வாங்கிக் கொடுக்க வேண்டும். மக்கள் ஆண்டுதோறும் மாறுவேட நடனவிழா நடத்தினார்கள். பத்து சென்ட் நாணயங்களை ஒரு மைல் நீளத்துக்கு அடுக்கும் அளவு சேர்ப்போம் என்று ஒரு வசூல் இயக்கம் நடத்தினார்கள். மார்கரெட் என்ற இருபது வயதைக் கடந்த பெண், 39-ஆம் தெரு முனையில் கையில் தகர உண்டியலோடு நின்றார். இப்படிச் சேர்ந்த காசில், தானிய வியாபாரி ஒருவர் முன்பு கட்டியிருந்த மாளிகையை வாங்கினார்கள். முகவரி: 3831, தெற்கு மிச்சிகன் அவென்யூ. ஓவியக்கூடம் 1940-இல் தொடங்கியது; 1941 மே மாதம் குடியரசுத் தலைவரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் வந்து முறைப்படி திறந்து வைத்தார். புகைப்படக் கலைஞர் கார்டன் பார்க்ஸ் தன் இருட்டறையை அந்த வீட்டின் நிலவறையில் வைத்திருந்தார். அங்கே நடந்த கவிதைப் பட்டறையில் உட்கார்ந்து எழுதக் கற்றவர்களில் ஒருவர் குவெண்டலின் புரூக்ஸ். 1950-இல் புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பின எழுத்தாளர் அவர்தான்.

உண்டியலோடு நின்ற மார்கரெட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மார்கரெட் பர்ரோஸ் என்று உலகம் அவரை அறியும். தொழிலால் பள்ளி ஆசிரியை. டுசேபிள் உயர்நிலைப் பள்ளியில் இருபதாண்டுகளுக்கு மேல் ஓவியம் கற்பித்தார். லினோலியத்தைச் செதுக்கி அச்செடுக்கும் ஓவியங்களைச் செய்தார். எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்றுதான் இருக்கும். பணக்காரர் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அச்சோவியத்தை நூறு பிரதி எடுக்கலாம். பேருந்து ஓட்டுநரும் வாங்கி வீட்டில் மாட்டலாம். இது அவர் தெரிந்தே எடுத்த முடிவு. 1950-களில் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்தபோது, இடதுசாரிப் பாடகர் பால் ராப்சனை ஆதரித்ததற்காகக் கல்வி வாரியம் அவரை அழைத்து விசாரித்தது. தான் உண்டியல் ஏந்தி உருவாக்கிய ஓவியக்கூடத்திலேயே ஓரங்கட்டப்பட்டார். அவர் ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு மெக்சிகோ போனார். அங்கே மக்கள் அச்சுக்கலைப் பட்டறையில் லெயோபோல்தோ மெந்தெஸிடம் தொழிலைக் கூர்தீட்டிக்கொண்டு திரும்பினார்.

திரும்பிவந்து என்ன செய்தார்? கோபித்துக்கொண்டு வீட்டில் உட்காரவில்லை. ஓவியக்கூடத்துக்கு எதிர்ச்சாரியில், 3806-ஆம் எண் வீட்டில் அவரும் கணவர் சார்லஸ் பர்ரோஸும் குடியிருந்தார்கள். முன்பு கறுப்பின ரயில் பணியாளர்கள் தங்கும் மன்றமாக இருந்த பெரிய வீடு அது. 1961-இல் அந்த வீட்டின் கூடத்திலேயே ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார்கள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். 1968-இல் அதற்கு டுசேபிள் என்று பெயர் மாற்றினார்கள். சிகாகோ இருக்கும் இடத்தில் முதலில் நிலையாகக் குடியேறிய வெளியூர்க்காரர் ழான் பாப்டிஸ்ட் புவான் டுசேபிள், ஒரு கறுப்பர். நகரின் முதல் குடியே கறுப்பர் என்றால், கறுப்பர்கள் நேற்று வந்தவர்கள் என்ற பேச்சு எங்கே நிற்கும்? 1973-இல் வாஷிங்டன் பூங்காவில் ஒரு பெரிய அரசுக் கட்டடம் அருங்காட்சியகத்துக்குக் கிடைத்தது. ஒரு காலத்தில் அதற்குள் காவல் கொட்டடி இருந்தது.

இனி, நான் மிகவும் பேச விரும்பும் சுவருக்கு வருகிறேன்.

1967 கோடை. ஜூலையில் இனக் கலவரத்தில் நியூவார்க் பற்றியெரிந்தது, டெட்ராய்ட் பற்றியெரிந்தது. ஆகஸ்ட் 15-ஆம் தேதி சிகாகோ நகர மையத்தில் பிகாசோவின் சிற்பத்தைத் திறந்தார் மேயர் ரிச்சர்ட் டேலி. ஐம்பதடி உயரம், 162 டன் எஃகு. செலவு மூன்றரை லட்சம் டாலர். பெண்ணா, நாயா, பறவையா என்று ஊர்மக்கள் இன்றும் வாதிடும் உருவம் அது. விழாவுக்குக் கவிதை வாசிக்க அழைக்கப்பட்டவர் குவெண்டலின் புரூக்ஸ்.

அதே ஆகஸ்டில், நகர மையத்துக்குத் தெற்கே 43-ஆம் தெருவும் லாங்லி அவென்யூவும் சந்திக்கும் முனையில், பாழடைந்த ஒரு கட்டடத்தின் மேல் சாரம் கட்டிச் சிலர் வரைந்துகொண்டிருந்தார்கள். கீழ்த்தளத்தில் ஒரு டிவி பழுதுபார்க்கும் கடை. நகரச் சீரமைப்பு என்ற பெயரில் இடிக்கப்படக் காத்திருந்த பகுதி. வரைந்தவர்கள், கறுப்பின எழுத்தாளர்களும் ஓவியர்களும் அந்த ஆண்டு தொடங்கிய ஓபாசி என்ற அமைப்பின் ஓவியப் பிரிவினர். யோசனை சொன்னவர் வில்லியம் வாக்கர். அஞ்சலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே சுவரோவியம் வரைந்தவர். அவர் கட்டட உரிமையாளரைத் தேடிப் போகவில்லை. கடைக்காரரிடம் கேட்டார். தெருவில் குடியிருந்தவர்களிடம் கேட்டார். அந்த முனையைத் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருந்த இளைஞர் கும்பல்களிடமும் கேட்டார். அவர்கள் சம்மதித்தார்கள். தேர்தல் வந்தால் சுண்ணாம்பு பூசி, கட்சிப் பெயர் எழுதி, இந்தச் சுவர் எங்களுடையது என்று ஆண்டு போட்டுப் பிடித்துவைக்கும் ஊரிலிருந்து வரும் நமக்கு, இந்தக் கேட்டல் கொஞ்சம் புதிதாகத்தான் இருக்கும்.

சுவரை அருகில் போய்ப் பார்ப்போம். ராய் லூயிஸ், ராபர்ட் செங்ஸ்டாக் போன்றவர்கள் எடுத்த புகைப்படங்களால்தான் இன்று நாம் அதைப் பார்க்க முடிகிறது. சில்வியா அபர்நாதி என்ற வடிவமைப்பாளர், கட்டடத்தின் சன்னல்களும் கதவுகளும் விட்ட இடைவெளிக்கு ஏற்பச் சுவரைப் பகுதிகளாகப் பிரித்தார். எந்தப் பகுதிக்கு என்ன வண்ணம் என்பதையும் அவரே வகுத்தார். வாட்ஸ்வொர்த் ஜாரெல் பாடகர்களை வரைந்தார். ஜேம்ஸ் பிரௌனும் அரிதா பிராங்க்ளினும் அங்கே இருந்தார்கள். ஜெஃப் டொனால்ட்சனும் எலியட் ஹண்டரும் ஜாஸ் இசைக்கலைஞர்களை வரைந்தார்கள். பார்பரா ஜோன்ஸ் நாடகக்காரர்களை வரைந்தார். விளையாட்டுப் பகுதியில் முகமது அலி. அந்த ஆண்டில்தான் வியட்நாம் போருக்குப் போக மறுத்து, பட்டத்தை இழந்திருந்தார். முன்னால் இருந்த செய்தித்தாள் பெட்டிக்கடையைக்கூட விடவில்லை. அதன்மேல் கரோலின் லாரன்ஸ் நடனக்காரர்களை வரைந்தார். ஓவியத்துக்கு நடுவே புகைப்படங்களையும் பதித்தார்கள். மொத்தம் ஐம்பது முகங்கள்போல இருந்தன. செலவு அவரவர் கைக்காசு. யாரும் தனிப்பட்ட முறையில் இதைக் காட்டிப் பேரோ பணமோ சம்பாதிப்பதில்லை என்று பேசிவைத்துக்கொண்டார்கள்.

மரியாதைச் சுவர் என்று பெயர். ஆனால் யாருக்கு மரியாதை என்பதில்தான் சிக்கலே. மார்ட்டின் லூதர் கிங் அந்தச் சுவரில் இல்லை. நமக்கு இது தூக்கிவாரிப் போடும். அந்தத் தெருவுக்கு அப்படியில்லை. 1966-இல் கிங் சிகாகோவுக்கு வந்து மேற்குப் பகுதியில் வாடகை வீட்டில் குடியேறி, வீட்டுரிமைக்காகப் போராடினார். மார்க்கெட் பார்க் ஊர்வலத்தில் அவர் தலையில் கல் விழுந்தது. இறுதியில் மேயரோடு ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அதை நிறைவேற்ற வைக்க எந்தப் பிடியும் இல்லை. அந்த ஏமாற்றம் ஆறாத நேரத்தில் வரைந்த சுவர் இது. வேறு கறுப்பினத் தலைவர்களில் மால்கம் எக்ஸ் இருந்தார், மார்கஸ் கார்வே இருந்தார், டுபாய்ஸ் இருந்தார், ஸ்டோக்லி கார்மைக்கேல் இருந்தார். வாக்கர் தன் பகுதியில், மால்கம் பிரிந்துவந்த கறுப்பின முஸ்லிம் இயக்கத்தின் தலைவர் எலைஜா முகமதுவை வரைந்திருந்தார். மால்கம் இருக்கும் சுவரில் எங்கள் தலைவர் இருக்கக் கூடாது என்று அவருடைய இயக்கத்தார் ஆட்சேபித்தார்கள். வாக்கர் அவரை அழித்துவிட்டு, 1831-இல் அடிமைக் கிளர்ச்சியை நடத்திய நாட் டர்னரை வரைந்தார்.

திறப்புக்குக் குவெண்டலின் புரூக்ஸ் வந்தார். இங்கும் கவிதை வாசித்தார். இரண்டு வாரத்துக்குள் இரண்டு திறப்புவிழாக்கள், ஒரே கவிஞர். 1968-இல் வெளியான தொகுப்பில் இரண்டு கவிதைகளையும் அடுத்தடுத்து, ஒரே தலைப்பின் கீழ் வைத்தார். அதற்குப் பின் அவர் நியூயார்க்கின் பெரிய பதிப்பகத்தை விட்டுவிட்டு, டெட்ராய்ட்டில் டட்லி ராண்டல் என்ற கறுப்பின நூலகர் நடத்திய சிறு பதிப்பகத்துக்குத் தன் நூல்களைக் கொடுத்தார். புலிட்சர் பரிசு பெற்றவர் செய்யும் காரியமா இது என்று கேட்டவர்கள் உண்டு. தன் கவிதை நிற்கும் சுவரும் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்துவிட்டார் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இதுவரை கேட்டால் எல்லாம் நல்ல கதைபோல இருக்கும். சுவரின் இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் உங்களை ஏமாற்றியவனாவேன். திறந்த சில வாரங்களிலேயே, தலைவர்கள் பகுதியில் நார்மன் பேரிஷ் வரைந்திருந்ததைச் சுண்ணாம்படித்து அழித்தார்கள். தெருமக்களுக்கு அது பிடிக்கவில்லை என்று வாக்கர் சொன்னார். வரைந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன்மேல் யூஜின் வேட் என்ற வேறொரு ஓவியர் புதிதாக வரைந்தார். குழு உடைந்தது. மக்களைக் கேட்டுச் செய்த வேலையில் கூட உழைத்த தோழனைக் கேட்கவில்லை. மக்கள் சொன்னார்கள் என்ற பேச்சுக்குப் பின்னால் யார் சொன்னார்கள், எத்தனை பேர் சொன்னார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. இந்த விஷயத்தில் வாக்கர் செய்தது தவறு என்பதே என் கருத்து. அவருடைய மற்றப் பெருமைகள் அதை மறைக்காது.

குழு உடைந்த பிறகு டொனால்ட்சன், ஜாரெல் தம்பதியர், பார்பரா ஜோன்ஸ், ஜெரால்ட் வில்லியம்ஸ் ஆகியோர் 1968-இல் ஆஃப்ரிகோப்ரா என்ற குழுவைத் தொடங்கினார்கள். கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள், எழுத்துகளே உருவமாகும் படங்கள், எளியவரும் வாங்கும் விலையில் அச்சோவியங்கள். வாக்கர் வேறு பாதையில் போய், கறுப்பர், வெள்ளையர் என்று எல்லா நிறத்தாரும் சேர்ந்த சுவரோவியக் குழுவை ஜான் பிட்மன் வெபர் போன்றவர்களுடன் அமைத்தார். டெட்ராய்ட்டில் தொடங்கி அமெரிக்க நகரங்கள் பலவற்றில் சுவர்கள் பேசத் தொடங்கின. முதல் சுவர் மட்டும் பிழைக்கவில்லை. 1971-இல் கட்டடத்தில் தீப்பிடித்தது. பிறகு இடித்துவிட்டார்கள். மார்கரெட் பர்ரோஸ் வாங்கவைத்த வீடுகளோ நின்றுகொண்டிருந்தன. அந்த ஆசிரியை அளவுக்கு ஓவியர்களுக்குப் பத்திரத்தின் அருமை தெரியவில்லை.

அதே தெற்குப் பகுதியில், அந்தச் சுவர் எழுந்து நின்று எரிந்த ஆண்டுகளை ஒட்டி, இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. 1972 முதல் 1991 வரை ஜான் பர்ஜ் என்ற காவல் அதிகாரியும் அவர் கீழிருந்தவர்களும், நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கினார்கள். ஏறத்தாழ எல்லாரும் கறுப்பின ஆண்கள். கையால் சுற்றி மின்சாரம் பாய்ச்சும் ஒரு கறுப்புப் பெட்டி. தலையில் கவிழ்த்து மூச்சை அடைக்கும் பிளாஸ்டிக் உறை. அந்த வாக்குமூலங்களை வைத்துச் சிலருக்கு மரண தண்டனையே கிடைத்தது. அவர்களில் நால்வரை 2003-இல் ஆளுநர் ஜார்ஜ் ரயன் மன்னித்தார். பர்ஜை 1993-இல் வேலைநீக்கம் செய்தார்கள். சித்திரவதைக் குற்றத்துக்கான காலக்கெடு கடந்துவிட்டது என்பதால், பொய் சாட்சி சொன்னதற்காகத்தான் 2010-இல் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்க முடிந்தது. நாலரை ஆண்டுச் சிறை. ஓய்வூதியம் மட்டும் நிற்கவில்லை.

சட்டம் கைவிரித்த இந்த இடத்தில்தான் கலைஞர்கள் வந்தார்கள். வழக்கறிஞர்கள், பாதிக்கப்பட்டவர்கள், அவர்களின் தாய்மார்கள், ஓவியர்கள், ஆசிரியர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். இந்தக் கொடுமைக்கு ஒரு நினைவுச்சின்னம் எப்படி இருக்க வேண்டும், கற்பனை செய்து அனுப்புங்கள் என்று பொதுமக்களை அழைத்தார்கள். வந்தவற்றை 2012-இல் கண்காட்சியாக வைத்தார்கள். வைத்த இடம், ஒரு காலத்தில் சார்லஸ் ஒயிட்டும் மார்கரெட் பர்ரோஸும் படித்த அதே கலைப் பள்ளியின் காட்சிக்கூடம். சிற்பங்கள் வந்தன, வரைபடங்கள் வந்தன. ஜோயி மோகுல் என்ற வழக்கறிஞர் ஒரு காகிதத்தை அனுப்பினார். பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கும் மாநகராட்சிச் சட்டத்தின் வரைவு. அப்போது அது சட்டமில்லை, கற்பனை. மற்றச் சிற்பங்களைப் போல அதுவும் ஒரு கலைப்பொருளாகச் சுவரில் தொங்கியது.

அடுத்த ஆண்டே அந்தக் காகிதம் மாநகர மன்றத்துக்குப் போனது. மாரியாமே காபா போன்ற களச் செயல்பாட்டாளர்களும் இளைஞர் அமைப்புகளும் ரயிலிலும் தெருவிலும் மேயர் வீட்டு வாசலிலும் அதற்காக நின்றார்கள். 2015 மே 6-ஆம் தேதி மன்றம் அதை நிறைவேற்றியது. பாதிக்கப்பட்டவர்களின் பெயர்கள் அவையில் வாசிக்கப்பட்டன; மேயர் ராம் இமானுவேல் நகரத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். இழப்பீட்டுக்கு 55 லட்சம் டாலர். 57 பேருக்குக் கிடைத்தது. நகரக் கல்லூரிகளில் அவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இலவசப் படிப்பு. தெற்குப் பகுதியில் மனநல சிகிச்சை மையம். எட்டாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் இந்த வரலாறு பாடமாக வேண்டும் என்ற கட்டளை. ஒரு பொது நினைவுச்சின்னம். காவல் துறையின் சித்திரவதைக்கு இப்படி இழப்பீட்டுச் சட்டம் இயற்றிய முதல் அமெரிக்க நகரம் சிகாகோதான்.

என் கணக்கில், மரியாதைச் சுவரைவிடப் பெரிய சுவரோவியம் அந்தக் காகிதம். மக்கள் கலை என்ற பேரில் நாம் கொண்டாடும் பலவற்றில் கேட்பவர் ஒருவர், பதில் சொல்ல வேண்டியவர் காணாமற்போயிருப்பார். இங்கே பதில் சொல்ல வேண்டியவரை மன்றத்துக்கு இழுத்துவந்து, கையெழுத்து வாங்கினார்கள். பள்ளிப் பாடம் ஆண்டுதோறும் நடக்கிறது. மழையும் தீயும் அதை அழிக்க முடியாது; ஆட்சி மாறினால் அழிக்க முயலலாம், அதற்கும் மன்றம் கூட வேண்டும். ஒன்றை மட்டும் குறிப்பிட வேண்டும். சட்டத்தில் சொன்னவற்றுள் மிகவும் இழுத்தடிக்கப்பட்டது நினைவுச்சின்னம்தான். அதன் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கவே 2019 ஆயிற்று. பணம் கொடுக்க முடிந்த நகரத்துக்கு இடம் கொடுப்பது கடினமாக இருந்திருக்கிறது.

இன்றைய கலைஞர்களில் தியாஸ்டர் கேட்ஸ் பெயரைச் சொல்லாமல் விட முடியாது. ஸ்டோனி ஐலண்ட் சாலையில் 1923-இல் கட்டி, பிறகு மூடிக்கிடந்த வங்கிக் கட்டடத்தை நகராட்சியிடமிருந்து ஒரு டாலருக்கு வாங்கினார். கட்டடத்துக் கழிப்பறைச் சலவைக்கல்லை வெட்டி, பத்திரம்போல வாசகம் பொறித்து, ஒவ்வொன்றையும் 5,000 டாலருக்குப் பணக்காரக் கலைச் சேகரிப்பாளர்களிடம் விற்றார். அந்தப் பணத்தில் கட்டடத்தைச் செப்பனிட்டு 2015-இல் திறந்தார். கறுப்பர்களின் எபனி, ஜெட் இதழ்களை வெளியிட்ட நிறுவனத்தின் நூலகம் இப்போது அங்கே இருக்கிறது. கிளீவ்லாந்தில் 2014-இல் பன்னிரண்டு வயது தமிர் ரைஸ் காவலரால் சுடப்பட்டு விழுந்த பூங்கா மண்டபத்தை இடிக்கவிருந்தார்கள். தாய் சமாரியா ரைஸ் அதை விடவில்லை. பிரித்து எடுத்துவந்து, 2019-இல் இந்த வங்கியின் பக்கத்தில் மறுபடி நிறுத்தினார்கள். கேட்ஸ் ஒரு கலைஞரா, கட்டட முதலாளியா என்று குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். பேட்டையின் மதிப்பு கூடினால் ஏழைகள் வெளியேற நேருமே என்ற அச்சம் நியாயமானது. ஆனால் அந்தக் கட்டடத்தின் பத்திரம் இன்று யார் கையில் இருக்கிறது என்று பார்க்கும்போது, தகர உண்டியல் ஏந்திய ஆசிரியையின் பேரன் என்றே அவரைச் சொல்லத் தோன்றுகிறது.

மார்கரெட் பர்ரோஸ் 2010-இல் மறைந்தார். ரூஸ்வெல்ட் காலத்துத் திட்டத்தில் நாடெங்கும் தொடங்கிய நூற்றுக்கு மேற்பட்ட கலைக்கூடங்களில், தொடங்கிய வீட்டிலேயே நிலைத்து நின்ற மிகச் சிலவற்றுள் ஒன்று 3831, தெற்கு மிச்சிகன் அவென்யூ.

இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையாருக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நம் கவின்கலைக் கல்லூரி மாணவர்கள் பிகாசோவைப் படிக்கிறார்கள். மெக்சிகோவின் ரிவேராவைப் படிக்கிறார்கள். சார்லஸ் ஒயிட்டின் கோட்டோவியங்களையும், மார்கரெட் பர்ரோஸின் அச்சோவியங்களையும், மரியாதைச் சுவரின் புகைப்படங்களையும் பார்க்கும் வாய்ப்பு அவர்களில் பலருக்கு இல்லை. அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்குச் சால்வையும் மாலையும் வாங்கும் பணத்தில் அந்த நூல்களை வாங்கி, மாணவர் கைக்கு எட்டும் நூலக அடுக்கில் வையுங்கள். குவெண்டலின் புரூக்ஸின் கவிதைகளைத் தமிழாக்க முன்வரும் இளைஞருக்குக் கைகொடுங்கள். இன்று எனக்குத் தரவிருக்கும் மதிப்பூதியத்தை அதற்கு முதல் தவணையாக வைத்துக்கொள்ளலாம்.